உடம்பில் இரும்பு உண்டா?

கடைக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் எடுக்கக் காகிதத்தை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள். "மதுரையில போயி தலைக்குக் கரண்ட் வச்சாங்களாமே அண்ணே?" வைக்கவில்லை. வைக்க இருந்ததும் கரண்ட் இல்லை, காந்தம். அதையும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று சொல்லப் போனால் எந்த முனையிலிருந்து இழுப்பது என்று தெரியாமல், "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கமா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். நாயுடுபுரத்தில் எல்லாருக்கும் எல்லாம் பாதி தெரியும். எனக்கே பாதிதான் தெரியும். இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திரும்ப மேகம் இறங்குவதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

நோய் ஒரே நாளில் வரவில்லை. முதலில் சொற்கள் போயின. நான் வசனத்திலேயே கவிதை எழுதிப் பழகியவன். சிறு பத்திரிகைகளில் நாலைந்து பேர் படிப்பார்கள். ஒரு வரி எழுதினால் அடுத்த வரி அதன் கையைப் பிடித்துக்கொண்டு வரும். அது வரவில்லை. சரி, வராத நாட்கள் உண்டு. பிறகு ருசி போனது. பிறகு தூக்கம். ஒருநாள் கடையில் ஒரு பெண் தன் மகளின் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து நகல் கேட்டாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எழுத்துப் பக்கத்தை மேலே வைப்பதா, கீழே வைப்பதா? பதினோரு வருடமாக அந்த இயந்திரத்தோடு இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வியர்த்தது. கொடைக்கானலில், மார்கழியில், வியர்த்தது.

என் மனைவி மரகதம் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் படியிறங்கிப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினாள். "ஏங்க, என்ன செய்யுது?" என்றாள். ஒன்றும் செய்யவில்லை, அதுதான் செய்தது.

ஊரிலிருந்த டாக்டர் ரத்தம் எடுத்தார். தைராய்டு பார்த்தார், வைட்டமின் பார்த்தார். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மற்றதெல்லாம் நார்மல் என்றார். அந்தச் சொல் என்னைப் பயமுறுத்தியதுபோல எந்த நோயின் பெயரும் பயமுறுத்தியதில்லை. அவர்தான் மதுரைக்குக் கடிதம் கொடுத்தார். மதுரையில் ஒரு பெண் டாக்டர், நாற்பது வயதிருக்கும், அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் சொன்னார். சோகம் வேறு, இது வேறு என்றார். ஒரு மாத்திரை ஆறு வாரம். கேட்கவில்லை. இன்னொரு மாத்திரை, இன்னும் ஆறு வாரம். நாக்கு வறண்டது, கை நடுங்கியது, மேகம் அப்படியே நின்றது. பிறகுதான் காந்தத்தைப் பற்றிச் சொன்னார்.

மூன்றாம் மாடியில் அந்தப் பலகை இருந்தது: காந்த அதிர்வு சிகிச்சைப் பிரிவு.

"குகை மாதிரி ஒண்ணுக்குள்ள படுக்க வச்சு தடதடன்னு சத்தம் வருமே, அதுங்களா?" என்று மரகதம் கேட்டாள்.

"அது ஸ்கேன்மா. உள்ள என்ன இருக்குன்னு படம் பிடிக்கிறது. இது சிகிச்சை," என்றார் டாக்டர். "நாற்காலியில உக்காரலாம். மூளையோட முன்பக்கம், இடது ஓரத்துல ஒரு இடம் இவருக்குச் சோம்பிக் கிடக்குது. மண்டைக்கு வெளிய காந்தச் சுருளை வச்சு, துடிப்புத் துடிப்பா குடுத்து அதைத் தட்டி எழுப்பப் பாக்குறோம். மயக்க மருந்து கிடையாது, கத்தி கிடையாது. வாரத்துக்கு அஞ்சு நாள், அஞ்சாறு வாரம். சிலருக்கு நல்லா கேக்குது. சிலருக்குக் கேக்கல. இவருக்குக் கேக்குமான்னு செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"வேற ஆபத்து?"

"தலைவலி வரலாம். ரொம்ப அபூர்வமா வலிப்பு வரலாம். அதனாலதான் எல்லாருக்கும் செய்ய மாட்டோம். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு மொதல்ல பாத்துக்கணும். நாலு நாள் இங்க இருங்க."

அப்படித்தான் படுத்தேன். ஸ்வெட்டரோடு வந்த எங்களை மதுரை வெயில் ஒரே பகலில் உரித்துப்போட்டது. மரகதம் துண்டை நனைத்து என் நெற்றியில் போடுவாள். அது காய்வதற்குள் அடுத்தது. அவள் தம்பி பாண்டி கூடவே இருந்தான். கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், நாற்பத்திரண்டு வயது, எங்களைக் கொண்டுவந்து விட்டவன். சீசன் ஓட்டத்தை விட்டுவிட்டு ஜீப்பிலேயே படுத்துக்கொண்டான். காலையில் வெள்ளனே இட்லிப் பொட்டலத்தோடு ஏறி வருவான். "மச்சான், மூளைக்கு சர்வீஸ் விடுறாங்க, நல்லதுதான. வண்டிக்கே வருசத்துக்கு ரெண்டு தடவ விடுறோம்" என்பான். நான் சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரியும். முகம் வராது.

இரண்டாம் நாள் நர்ஸ் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு எழுத்துகள் மிதந்தன. மரகதம் வாசித்தாள், நான் தலையாட்டினேன், அவள் டிக் அடித்தாள். வலிப்பு வந்ததுண்டா? ரத்த உறவில் யாருக்காவது? தலையில் பலத்த அடி? பக்கவாதம்? இதயத்தில் பேஸ்மேக்கர்? காதுக்குள் கேட்கும் கருவி? குடிப்பழக்கம், அதைத் திடீரென்று நிறுத்தியதுண்டா? எத்தனை மணி நேரம் தூக்கம்? என்னென்ன மாத்திரை?

மரகதம் நிமிர்ந்தாள். "சிஸ்டர், இவரு அயன் மாத்திரை சாப்பிடுறாரு. அதுவும் இரும்புதான? காந்தம் இழுத்துராதுங்களா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது இழுக்காதுக்கா. கீரை சாப்பிட்டவங்கள எல்லாம் இழுத்தா நாங்க எங்க போறது? மோதிரம், செயின், அரைஞாண், தாயத்து, இதெல்லாம் கழட்டிருங்க. பல்லு அடைச்சிருந்தா சொல்லுங்க. முக்கியமா தலைக்குள்ள, கழுத்துக்குள்ள ஏதாவது இருக்கான்னு பாத்து எழுதுங்க."

அடுத்த கேள்வி அதுதான். மரகதம் சத்தமாக வாசித்தாள். "தலை, கண், கழுத்துப் பகுதியில் உலோகம் ஏதேனும் உண்டா? ஆணி, தகடு, கம்பி, துப்பாக்கி ரவை… ஆத்தாடி, துப்பாக்கி ரவையாமுல்ல! நம்ம என்ன மிலிட்டரியா?" இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பாண்டி டீக் கிளாஸ்களோடு கதவருகே நின்றிருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு வடகவுஞ்சிப் பக்கம் என் மாமனாரின் பூண்டுக் காட்டை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். பூண்டைக் காட்டுப்பன்றி தின்னாது என்பார்கள். தின்பதில்லைதான், ஆனால் புழுவுக்காகப் பாத்தியையே புரட்டிப் போட்டுவிடும். பாண்டி எங்கிருந்தோ ஒரு நாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தான். உரிமம் கிடையாது. கருமருந்தை இடித்து, ரவைக்குப் பதிலாகப் பழைய சைக்கிளில் கழற்றிய பால்ரஸ் குண்டுகளைப் போடுவான். சக்கரத்துக்குள் உருள்கிற எஃகுக் குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு சாயங்காலம் பனி இறங்கி எதிரில் நிற்கிற ஆளே கரைந்துபோன நேரத்தில் நான் வரப்போரம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பன்றியாகத் தெரிந்தேன்.

இடது தோளிலும் கழுத்திலுமாக ஐந்து ஓட்டை. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே என்னை ஜீப்பில் போட்டுக்கொண்டு பெரும்பாறைக்கு ஓட்டினான். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும். பெரும்பாறையில் எஸ்டேட் கம்பவுண்டர் ஒருவர் அவனுக்குத் தெரிந்தவர். அவர் நாலு குண்டை எடுத்தார். "ஐஞ்சாவது வெளிய விழுந்துருக்கும்" என்றார். விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஊரில், கல்லடுக்கிலிருந்து சறுக்கி முள்கம்பி வேலியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னோம். மரகதத்திடமும் அதையேதான். பாண்டிக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியை அவனே உடைத்துப் பள்ளத்தில் எறிந்தான்.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை. பேசாமலிருந்தால் ஒரு விஷயம் மெல்ல மெல்ல நடக்காததாக ஆகிவிடுகிறது. குளிக்கும்போது கழுத்தின் அடியில் ஒன்று விரலில் உருளும். கொழுப்புக் கட்டி என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்றுதான் எழுத முடிகிறது. நம்பினேனா என்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் தலை முழுவதும் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின் ஓட்டத்தைப் படமெடுத்தார்கள். வலிப்புக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பதாம். இல்லை. டாக்டர் படிவத்தைப் புரட்டி ஒவ்வொன்றாக மறுபடி வாயால் கேட்டார். உலோகக் கேள்விக்கு வந்தார். மரகதம் என் பக்கத்தில் நனைந்த துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பாண்டிக்காகவா? இந்த வயதில் அவனை யார் பிடித்துப்போகப் போகிறார்கள்? பொய் பழையதாகிவிட்டதாலா? இல்லை, உண்டு என்றால் காந்தம் கிடைக்காமல் போய்விடுமே என்றா? இருந்த ஒரே கதவு அது. அன்றைக்கு எனக்குள் இருந்த குழப்பத்தில் எல்லாக் காரணமும் ஒரே நிறத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் காலை. அறை சின்னது, ஏசி குளிர் ஒரு கணம் ஊரை நினைவூட்டியது. பல் டாக்டர் நாற்காலி போல ஒன்று. இயந்திரத்தை இயக்கும் பையன் மோதிரத்தையும் கண்ணாடியையும் வாங்கித் தட்டில் வைத்தான். காதில் பஞ்சு அடைப்பான் செருகினான், சத்தம் மரங்கொத்தி கொத்துவது போலிருக்கும் என்றான். தலையில் துணித்தொப்பி மாட்டி அளவு பார்த்துப் பேனாவால் புள்ளி வைத்தான். முதலில் கட்டை விரல் தானாகத் துடிக்கிற அளவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பார்களாம். ஒவ்வொருவருக்கும் அது வேறு, அதை வைத்துத்தான் துடிப்பின் வலு முடிவாகும். எட்டுப் போல வளைந்த சுருளைக் கைப்பிடியோடு இறக்கினான். மரகதம் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பாண்டி. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டான்.

"நிறுத்துங்க சார். அக்கா, நிறுத்தச் சொல்லு."

"ஏலே, வெளிய போடா. சிகிச்சை நடக்குதுல்ல?"

"மச்சான் கழுத்துல பால்ரஸ் கெடக்கு."

"என்னாது?"

"பால்ரஸ் குண்டுக்கா. இரும்பு. வெளிய போர்டுல போட்டுருக்கான், இரும்பு இருந்தா இத வைக்கக் கூடாதுன்னு. மூணு நாளா படிச்சுப் படிச்சுப் பாக்குறேன்." அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அவரு வேலியில விழலக்கா. நான்தான் சுட்டேன். பன்னின்னு நெனச்சு."

பையன் சுருளை மேலே தூக்கிவிட்டான். என் காதில் பஞ்சு இருந்தது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் பேசுவது போலக் கேட்டது. மரகதம் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மறுக்க வேண்டும் என்று அவள் காத்திருந்தது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். எலும்புகளின் சாம்பலுக்கு நடுவே, இடது கழுத்தின் அடியில், அப்பட்டமான ஒரு வெள்ளைப் புள்ளி. அத்தனை வட்டமான ஒன்று மனித உடம்பில் தானாக முளைக்காது.

"சுருள் வைக்கிற இடத்துலேர்ந்து ஓரடிக்குள்ள இருக்கு," என்றார் டாக்டர். "எஃகு. துடிப்புல அது நகரலாம், சூடாகலாம். ஒட்டி பெரிய ரத்தக் குழாய் போகுது. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனா போயிருக்கலாம்னு நம்பி நான் ஸ்விட்ச் போட மாட்டேன். இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பொருந்தாது. இனிமே யாராவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினாலும் மொதல்ல இதைச் சொல்லணும்."

"எடுத்துறலாங்களா?" என்று பாண்டி கேட்டான்.

"சர்ஜன்கிட்ட காட்டுறேன். எனக்குத் தெரிஞ்சு, உடம்பே அதைச் சுத்தி உறை போட்டு வச்சிருக்கு. தொடாம இருக்கிறதுதான் நல்லது." சர்ஜனும் மறுநாள் அதையேதான் சொன்னார்.

பாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "போலீஸுக்குச் சொல்லுவீங்களா மேடம்?"

"எனக்குத் தெரிய வேண்டியது என்ன உலோகம், எங்க இருக்கு. அது தெரிஞ்சிருச்சு." பிறகு என்னிடம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நான் நேத்து மறுபடி கேட்டேன் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அதற்குக் கோபமே தேவலை.

வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். மரகதம் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். அவள் பேசியது பாண்டியிடம்தான்.

"அன்னைக்குச் சாயங்காலம் நான் இவர வஞ்சேன்டா. எழுதிக்கிட்டே கெடங்க, பூண்டு தானா முளைக்கும்னு. அதுல கோவிச்சுக்கிட்டுத்தான் காட்டுக்குப் போனாரு. என் வாயாலதான் போயி விழுந்தாருன்னு நெனச்சேன். இப்ப இந்தச் சீக்கு வந்ததும், அன்னைக்கு விழுந்ததுல தலையில பட்டுத்தான் இப்புடி ஆயிருச்சோன்னு நெனச்சேன். வருசா வருசம் பங்குனிக்குப் பழனிக்குப் பால்குடம் எதுக்குத் தூக்குனேன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?"

எங்கள் மகளின் படிப்புக்காக என்று நினைத்திருந்தேன். மழைக்காக என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை. பதினெட்டுப் பங்குனி வெயிலில் கால் கொப்பளித்து வருகிறவளுக்கு எண்ணெய் போட்டு விட்டிருக்கிறேன், எதற்கு என்று கேட்டதில்லை.

மறுநாள் ஊருக்குத் திரும்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலையில் முதல் வளைவு ஏறியதும் பின்சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"இனிமே பால்குடம் நீதான்டா தூக்கணும்."

"தூக்குறேங்க்கா."

"பதினெட்டு வருசம்."

பாண்டி கியரை மாற்றினான். "எனக்கு அறுவது வயசு ஆயிருமேக்கா. விஞ்சுல ஏறிக்கிறவா?"

"படியில. மெதுவா ஏறு, முருகன் எங்கயும் போயிர மாட்டாரு."

அவர்களுக்குள் அது அப்படி முடிந்தது, அல்லது முடியத் தொடங்கியது. எனக்கு அவள் எந்தத் தண்டனையும் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது வகை மாத்திரை. கூடவே வாரம் ஒருமுறை மனநல ஆலோசகர் அம்மா ஒருவரிடம் உட்கார்ந்து போனில் பேச வேண்டும். அதுவும் சிகிச்சைதான் என்கிறார்கள். நன்றாக இருக்கிறேனா? காலையில் காப்பி கசக்கிறது, கசப்பது தெரிகிறது. தாளைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது கைக்குத் திரும்ப வந்துவிட்டது. சில நாள் மறுபடி எல்லாம் போய்விடுகிறது. காந்தம் வைத்திருந்தால் வெரசாக ஆகியிருக்குமோ என்று ஏங்குகிறேன். வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து உடனே கழுத்தைத் தொடுகிறேன். நான் தப்பிப் பிழைத்தேனா, வாய்ப்பைத் தவறவிட்டேனா என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் மரகதத்துக்கு வாசித்துக் காட்டினேன். கவரில் கோந்து தடவிக்கொண்டே கேட்டாள். இட்லியை எழுதியிருக்க வேண்டாம் என்றாள். நர்ஸ் சிரித்ததை எடுத்துவிடச் சொல்லி, பிறகு, இருக்கட்டும் என்றாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்குறேன். பாண்டி உள்ள வரலைன்னா நீங்க அந்த நாற்காலியில பேசாம உக்காந்திருப்பீங்கதான?"

தெருவில் ஒரு ஜீப் ஏறிப் போகும் சத்தம் ஓய்கிறவரை அவள் காத்திருந்தாள்.

"ஆமா" என்றேன்.

"அதை எழுதலையே."

அடுத்த கவரை எடுத்துக்கொண்டாள். எழுதிவிட்டேன்.